பாதாளக்கரண்டி

திராட்சைக்கு மருந்து கலக்கிற தொட்டியும் கல்லறைக்குச் சுண்ணாம்பு கரைக்கிற தொட்டியும் எங்கள் வீட்டில் ஒன்றுதான். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் பந்தலில் அடிச்சாம்பல் நோய் வந்துவிடும். தாத்தா மண்பானையில் மயில்துத்தத்தையும் தொட்டியில் சுண்ணாம்பையும் தனித்தனியாகக் கரைத்து, துத்தநீரைச் சுண்ணாம்பு நீரில் மெதுவாக ஊற்றுவார். நூறு லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிலோ துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு. கலந்ததும் அரிவாளை முக்கி எடுத்துப் பார்ப்பார். இரும்பில் செம்பு படிந்திருந்தால் இன்னும் சுண்ணாம்பு போட வேண்டும், இல்லாவிட்டால் இலை கருகிவிடும். அடித்து முடித்த பிறகு தொட்டியை எத்தனை தடவை கழுவினாலும் ஓரத்தில் ஒரு நீலம் ஒட்டிக்கொண்டே கிடக்கும். நவம்பர் முதல் தேதி அதே தொட்டியில் கல்லறைச் சுண்ணாம்பு வேகும். அதனால் எங்கள் குடும்பத்துக் கல்லறைகள் மட்டும் மற்றவற்றைவிடக் கொஞ்சம் நீலம் பாய்ந்திருக்கும். இருட்டிய பிறகு மெழுகுவர்த்தி வெளிச்சத்திலும் எங்கள் அப்பத்தாவை அந்த நிறத்தை வைத்தே கண்டுபிடித்துவிடுவேன்.

ராயப்பன்பட்டிக்கும் ஆனைமலையன்பட்டிக்கும் அக்கம்பக்கத்தில், மேகமலை அடிவாரத்தில் எங்கள் ஊர். ஊருக்குக் கிழக்கே கல்லறைத் தோட்டம். அதன் மூன்று பக்கமும் திராட்சைப் பந்தல், நாலாவது பக்கம் வண்டிப்பாதை. பந்தலுக்கு ஊன்றிய கல்தூண்களும் கல்லறைச் சிலுவைகளும் தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே வரிசையாகத் தெரியும். எது தோட்டம், எது கல்லறை என்று பிரித்துக் காட்டச் சுவர் கிடையாது. முள்வேலி மட்டும் இருந்தது, அதிலும் கொடி ஏறிக்கிடந்தது. கவாத்து வெட்டி மூன்று நாலு மாதம் ஆன பந்தலில் குலை கறுத்துத் தொங்கும்போது, வேலியோரம் படுத்திருக்கிற பெரியவர்களின் தலைமாட்டில் பழம் உதிரும். பறித்துத் தின்ன எங்களுக்குத் தடையில்லை. "தாத்தா குடுத்தாருன்னு சொல்லித் தின்னு" என்று அம்மாச்சி சொல்வார்.

கல்லறைத் திருநாள் நவம்பர் 2. முதல் நாள் சாயங்காலமே சீலையம்பட்டி பூ மார்க்கெட்டிலிருந்து செவ்வந்தியும் கோழிக்கொண்டையும் வந்துவிடும். தேங்காய் மட்டையை நசுக்கி நார் பிரித்த பிரஷ்ஷால் நாங்கள் பிள்ளைகள் அடிப்பாகத்தை வெள்ளையடிப்போம். எழுத்தும் உருவமும் இருக்கிற தலைப்பக்கம் பெரியவர்களுடையது. எழுத்தின் பள்ளத்தில் சுண்ணாம்பு அடைந்துவிடக் கூடாது என்று தாத்தா விளக்குமாற்றுக் குச்சியால் ஒவ்வொரு எழுத்தாகத் தோண்டிக்கொண்டிருப்பார். அந்த வேலையில் அவர் பேசமாட்டார்.

எனக்கு அங்கே மிகப் பிடித்தது எங்கள் சொந்தக்காரர் யாருடையதும் இல்லாத ஒரு கல்லறை. தூத்துக்குடிக் கடற்கரையிலிருந்து வந்து எங்கள் பக்கத்தில் பல காலம் பாடம் சொல்லிக்கொடுத்து இங்கேயே செத்துப்போன ஒரு வாத்தியார். அவருடைய கல்லில் சிலுவை இல்லை. நடுவில் ஒரு கம்பி, கீழே இரண்டு பக்கமும் வளைந்து மேலே நிமிர்ந்த கொக்கிகள், உச்சியில் ஒரு வளையம். கடலைப் பார்த்திராத ஊர் எங்களுடையது. அது என்னவென்று கேட்டபோது அம்மாச்சி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"பாதாளக்கரண்டிடா."

கிணற்றில் விழுந்த வாளியையும் குடத்தையும் துழாவி எடுக்கிற கொக்கிக் கொத்துக்குப் பாதாளக்கரண்டி என்று பெயர். தெருவுக்கு ஒரு வீட்டில்தான் இருக்கும். இரவல் வாங்கப் போகிறவர் ஒரு பாத்திரத்தை ஈடாக வைத்துவிட்டுத்தான் எடுத்து வர வேண்டும், அது பழைய வழக்கம். கயிற்றில் கட்டி இறக்கி, தண்ணீருக்கு அடியில் கண் தெரியாமல் துழாவிக்கொண்டே இருக்க வேண்டும். சில சமயம் அரை நாள் ஆகும். தட்டுப்படுகிற சத்தம் கயிறு வழியாகக் கைக்கு வரும். வாத்தியாரின் கல்லில் அது ஏன் இருக்கிறது என்று அடுத்த கேள்வி கேட்டேன். "கெணத்துல விழுந்தது விழுந்ததுதான்னு விட்டுருவமா? சாமி அங்கிட்டு இருந்து போட்டுத் துழாவுவாரு" என்றார் அம்மாச்சி.

அது நங்கூரம் என்று எனக்குத் தெரிந்தது உத்தமபாளையத்துக்குப் படிக்கப் போன பிறகு. ரோமாபுரிக்குப் போய்வந்த ஒரு கன்னியாஸ்திரி எங்கள் வீட்டுக்குக் கொஞ்சம் பட அட்டைகள் கொடுத்திருந்தார். அதில் ஒன்று பிரிசில்லா கேட்டகோம். ரோமைச் சுற்றி மண்ணுக்கடியில் இப்படி 40க்கும் மேற்பட்ட கல்லறைச் சுரங்கங்கள் இருக்கின்றன. மென்மையான எரிமலைக் கல்லைக் குடைந்து, சுவரில் அலமாரித் தட்டுபோல வெட்டி, ஒவ்வொரு தட்டிலும் ஒரு ஆளைக் கிடத்தி, பளிங்குப் பலகையாலோ ஓட்டாலோ மூடியிருக்கிறார்கள். இரண்டாம் நூற்றாண்டிலிருந்து அங்கே கிறிஸ்தவர்களைப் புதைத்தார்கள். அந்த மூடுகல்லில் கீறியிருந்தது எங்கள் வாத்தியாரின் பாதாளக்கரண்டி.

இன்று கிறிஸ்தவக் கல்லறை என்றால் சிலுவைதான் ஞாபகம் வரும். முதல் மூன்று நூற்றாண்டுக் கல்லறைகளில் சிலுவை மிக அபூர்வம். ரோமில் அது கொலைத் தண்டனைக் கருவி, கண்முன்னே ஆட்களை அறைந்து தொங்கவிட்ட மரம். அதைத் தலைமாட்டில் வைக்க யாருக்கு மனசு வரும்? அவர்கள் நங்கூரத்தை வைத்தார்கள், மீனை வைத்தார்கள், ஒலிவக் கிளை கவ்விய புறாவை வைத்தார்கள், தோளில் ஆட்டைச் சுமந்த இளம் மேய்ப்பனை வைத்தார்கள். எபிரெயருக்கு எழுதிய நிருபம் நம்பிக்கையை ஆத்துமாவின் நங்கூரம் என்று சொல்கிறது. அம்மாச்சி அந்த நிருபத்தைப் படித்தவர் இல்லை, அவருக்கு எழுத்தே தெரியாது. ஆனால் கடல்காரர்கள் நங்கூரத்தில் கண்டதைவிட ஒரு படி அதிகமாகவே அவர் கண்டார் என்று இன்றும் நினைக்கிறேன். நங்கூரம் கப்பலை நிறுத்தி வைக்கும், அவ்வளவுதான். பாதாளக்கரண்டி முழுகினதை மேலே கொண்டுவரும்.

இந்த உருவங்கள் எப்படி எங்கள் அடிவாரம் வரை வந்தன என்பதை யோசித்தால் எனக்கு எப்போதும் திராட்சைத் தோட்டம்தான் குறுக்கே வருகிறது. மறந்துபோயிருந்த அந்தச் சுரங்கங்களில் ஒன்று 1578இல் சலாரியா சாலையோரம் ஒரு திராட்சைத் தோட்டத்தில் மண் வெட்டியபோது திறந்துகொண்டது. அதன் பிறகு அந்தோனியோ போசியோ தன் வாழ்நாள் முழுக்க அவற்றுக்குள் ஊர்ந்து ஊர்ந்து வரைபடம் எடுத்தார். 1849இல் ஜொவான்னி பத்திஸ்தா தெ ரோஸ்ஸி என்கிற இளைஞர் அப்பியா சாலைப் பக்கம் இன்னொரு திராட்சைத் தோட்டத்தில் உடைந்த பளிங்குத் துண்டு ஒன்றைப் பார்த்தார். அதில் கொர்னேலியு என்ற மறைசாட்சியின் பெயரில் பாதி இருந்தது. அந்தத் தோட்டத்தை விலைக்கு வாங்கும்படி திருத்தந்தை ஒன்பதாம் பயஸிடம் கேட்டுக்கொண்டார். வாங்கித் தோண்டினால் கீழே கலிஸ்து கல்லறை, மூன்றாம் நூற்றாண்டுப் பாப்பரசர்கள் வரிசையாக அடக்கம் செய்யப்பட்ட அறை. தெ ரோஸ்ஸி அச்சிட்ட படங்கள் ஐரோப்பா முழுக்கப் பரவின. கல்தச்சர்கள் அதைப் பார்த்து நங்கூரமும் புறாவும் கொடியும் வெட்டத் தொடங்கினார்கள். 1830களின் கடைசியில் மதுரை மிஷனுக்குத் திரும்ப வந்த பிரெஞ்சு சேசு சபையினரின் காலமும் அதுதான். சுரூபம், சின்னப் படம், செபப் புத்தக அட்டை என்று அந்த உருவங்கள் அவர்களோடும் அவர்களுக்குப் பின்னாலும் நம் ஊர்களுக்கு வந்தன.

கொடியும் ஒரு பாதிரியார் கையால்தான் வந்தது என்பார்கள். 1832இல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் பன்னீர் திராட்சையைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்பது கம்பம் பள்ளத்தாக்கில் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. 2023இல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோதும் இந்தக் கதை பேப்பரில் வந்தது. வருஷம் முழுக்க ஏதாவது ஒரு பந்தலில் அறுப்பு நடக்கிற ஊர்கள் இவை: காமயகவுண்டன்பட்டி, சுருளிப்பட்டி, நாராயணத்தேவன்பட்டி, ஆனைமலையன்பட்டி.

எங்கள் கல்லறைத் தோட்டத்தில் கொடி போட்டவர் ஒரு கொத்தனார். உத்தமபாளையம் பக்கத்துக்காரர், கோயில் கோபுரத்துச் சுதை வேலை செய்த கை. ஐயனார் கோயில் குதிரைக்கு மீசை வைத்தவரும் அவர்தான். சாமியார் கொடுத்த சின்னப் படத்தில் இருந்த திராட்சைக் குலையைப் பார்த்துவிட்டு, "இதென்ன, கோலிக்குண்டு அடுக்குன மாதிரி இருக்கு" என்று படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். வேலியைத் தாண்டிப் போய்ப் பந்தலுக்குக் கீழே அரை நாள் நின்றிருக்கிறார். அதன் பிறகு சிமென்டில் அவர் போட்ட குலை மேலே தோள் அகன்று, கீழே கூம்பி, ஒரு பக்கம் பழம் கொஞ்சம் நெருக்கமாக, ஒரு பக்கம் விட்டு விட்டு இருக்கும். இலையில் புழு தின்ற ஓட்டைகூட வைத்தார். பற்றுச்சுருள் கம்பியைச் சுற்றுகிற விதம் அப்படியே இருக்கும். எங்கள் தாத்தா அதைப் பார்த்துவிட்டு, "கவாத்துக்கு நாளாச்சுய்யா" என்றாராம்.

ரோமில் அந்தக் காலத்துக் கலைஞர்களும் வேறு சாமிக்குச் செய்து பழகிய கைகளால்தான் இதைச் செய்தார்கள். திராட்சை அங்கே பாக்குஸ் சாமியின் சொத்து. இயேசு தன்னைக் கொடி என்றும் தன் ஆட்களைக் கிளைகள் என்றும் சொன்னதை வைத்துக்கொண்டு கிறிஸ்தவர்கள் அதே கொடியைக் கல்லறைக்குள் ஏற்றினார்கள். டோமிடில்லா கல்லறையின் மிகப் பழைய பகுதியில் கூரை முழுக்கக் கொடி படர்ந்திருக்கிறது, சின்னப் பிள்ளைகள் பழம் பறிக்கிறார்கள். கான்ஸ்டன்டைன் பேரரசரின் மகள் கான்ஸ்டான்டினாவுக்கு நாலாம் நூற்றாண்டில் எழுப்பிய வட்டமான கல்லறை மண்டபத்தில், சாந்தா கொஸ்தான்சா என்பார்கள், பழம் பறிப்பது, மாட்டு வண்டியில் ஏற்றுவது, தொட்டியில் மிதிப்பது எல்லாம் சின்னச் சின்னக் கல்லால் பதித்திருக்கிறது. முதன்முதலில் அந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்கு வாயடைத்துப்போனது. ஒரு இளவரசியின் சமாதியில் எங்கள் ஊர் அறுப்பு நாள்.

மீனும் இருந்தது. தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு அந்த மீன் சங்கதி தெரியும்: இயேசு கிறிஸ்து தேவகுமாரன் மீட்பர் என்பதன் கிரேக்கச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் மீன் என்ற சொல் வரும். எங்கள் கொத்தனாரிடம் ஒரு மீன் போடச் சொன்னார்கள். மதுரைக் கோயிலில் பாண்டியரின் இணைக்கயலைப் பார்த்து வளர்ந்தவருக்கு ஒற்றை மீன் அரைகுறையாகப் பட்டிருக்கிறது. இரண்டாகப் போட்டுவிட்டார். ரோமில் லிசினியா அமியாஸ் என்ற பெண்ணின் நினைவுக்கல், மூன்றாம் நூற்றாண்டுத் தொடக்கம், கிறிஸ்தவக் கல்வெட்டுகளில் மிகப் பழையவற்றில் ஒன்று. அதில் நங்கூரம் நடுவில், இரண்டு பக்கமும் இரண்டு மீன்.

மயில் கதைதான் எனக்கு இன்னும் நோகிறது. ஒரு குடும்பக் கல்லறையின் வளைவில் எதிரெதிரே இரண்டு மயில் வைத்தார் கொத்தனார். தோகை ஒவ்வொரு கண்ணும் தனித்தனியாகத் தெரியும். கொஞ்ச காலம் கழித்து வந்த ஒருவர், முருகன் வாகனம் நம் கல்லறையில் எதற்கு என்று சுரண்டச் சொல்லிவிட்டார். சுரண்டினார்கள். கால்கள் மட்டும் மிச்சம், இரண்டு பக்கமும் மூன்று மூன்று விரல். அந்தக் காலத்தில் எங்களில் யாருக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை. மயிலின் மாமிசம் அழுகாது என்பது பழைய நம்பிக்கை. கார்த்தேஜில் தனக்குச் சமைத்து வைத்த மயிலிறைச்சியில் ஒரு துண்டை எடுத்து வைத்து, ஒரு மாதத்துக்கு மேல் கழித்து, பிறகு ஒரு வருஷம் கழித்துப் பார்த்ததைப் புனித அகுஸ்தினார் எழுதியே வைத்திருக்கிறார். அழிவில்லாத உடம்புக்கு அடையாளமாக ஆதிக் கிறிஸ்தவர்கள் கல்லறைகளில் மயில் வரைந்தார்கள். யாராவது ஒருவருக்கு இது தெரிந்திருந்தால் அந்தத் தோகைகள் இன்றும் இருக்கும். எங்கள் பந்தல்களில் விடியற்காலை மயில்கள் வந்து பழத்தைக் கொத்தும்போதெல்லாம் எனக்கு அந்தக் கால்கள் ஞாபகம் வரும்.

இன்னொரு படம் டோமிடில்லாவில் இருந்தது. தியோஜெனிஸ் என்ற குழிவெட்டி. கையில் குந்தாலி, விளக்கு, சுற்றிலும் அவருடைய வேலைச் சாமான்கள். குழி வெட்டுகிறவர்களுக்கு அங்கே திருச்சபைப் பணியாளர் என்ற மதிப்பு, அவர்களையே ஓவியமாக வரைந்து அவர்கள் கல்லறையில் வைத்தார்கள். இதைப் படித்த அன்று நான் வெகுநேரம் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். எங்கள் ஊரில் எல்லாருக்கும் குழி வெட்டியவரின் குழி எங்கே இருக்கிறது என்று என்னால் காட்ட முடியாது. கல்லறைத் தோட்டத்தின் வடக்கே ஒரு வரப்பு இருந்தது. வரப்புக்கு அந்தப் பக்கம் சுண்ணாம்பு போகாது. நாங்கள் பிள்ளைகள் பிரஷ்ஷோடு அங்கே ஓடினால் திரும்பக் கூப்பிட்டுவிடுவார்கள். திருச்சி மேலப்புதூர்க் கல்லறையின் நடுவே சாதியைப் பிரிக்க நின்ற சுவர் செய்தியாக வந்தது, சின்ன ஊர்களின் வரப்புகள் செய்தியாவதில்லை. அடிமையும் எசமானும் ஒரே சுவரில் அடுத்தடுத்த தட்டில் படுத்திருந்த ரோமாபுரிச் சுரங்கங்களிலிருந்து நாங்கள் புறாவையும் மீனையும் எடுத்துக்கொண்டோம். அந்தச் சுவரை எடுத்துக்கொள்ளவில்லை. வரப்பு இப்போது மழையில் கரைந்து மட்டமாகிவிட்டது. ஆனாலும் வயதானவர்களின் கால்கள் அந்த இடத்தில் தானாக நின்றுவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

செத்தவருக்குக் கல் எழுப்புவதை இந்தப் பள்ளத்தாக்குக்கு யாரும் வெளியிலிருந்து கற்றுக்கொடுக்கவில்லை. ஆண்டிபட்டி வட்டத்தில் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த நடுகற்களில் தமிழ் பிராமி எழுத்து இருக்கிறது, 2,000 ஆண்டுகளுக்கும் மேற்பட்டவை என்கிறார்கள் ஆய்வாளர்கள். அதில் ஒன்று கூடல் ஊரில் நடந்த ஆகோள் பூசலில், மாடு கவர்கிற சண்டையில், விழுந்த ஒருவனுக்கு நட்ட கல். ரோமில் முதல் நங்கூரம் கீறுவதற்கு முன்னாலேயே நாங்கள் பெயரைக் கல்லில் வெட்டிவிட்டோம்.

பந்தலுக்குப் பாய்கிற தண்ணீருக்கும் ஒரு கல்லறை இருக்கிறது. பெரியாறு அணை 1895இல் முடிந்தது. கட்டுமான வேலையில் காய்ச்சலிலும் நோயிலும் 400க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள், அணைக்குப் பக்கத்திலேயே அவர்களைப் புதைத்தார்கள். அணையைக் கட்டிய பொறியாளர் பென்னிகுவிக்குக்கு லோயர் கேம்பில் 2013இல் மணிமண்டபம் திறந்தாயிற்று, அவர் பிறந்த சனவரி 15இல் பொங்கல் வைக்கிறோம். அவர் கல்லறை இங்கிலாந்தில் ஃபிரிம்லி கோயில் வளாகத்தில் இருக்கிறது. காட்டுக்குள் கிடக்கிறவர்களின் தலைமாட்டுக்கு எங்கள் தொட்டிச் சுண்ணாம்பு ஒரு நாளாவது போயிருக்கலாம் என்று எனக்குத் தோன்றும்.

போடிமெட்டு ஏறி மூணாறு போனால் சி.எஸ்.ஐ. கோயிலுக்கு மேலே ஒரு கல்லறை. 1894இல் காலராவில் இறந்துபோன எலினார் என்ற 24 வயதுப் பெண்ணைப் புதைத்த இடம். கோயில் வந்தது 1910க்கு மேல். முதலில் கல்லறை, பிறகுதான் கோயில். ரோமிலும் மறைசாட்சிகளின் கல்லறை மேல்தான் பெரிய கோயில்கள் பல எழுந்தன.

கிரேக்க மொழியில் கல்லறைத் தோட்டத்துக்குக் கிறிஸ்தவர்கள் வைத்த பெயர் உறங்குமிடம். எங்கள் பழைய கற்களில் "துயில்கிறார்" என்றும், சி.எஸ்.ஐ. கற்களில் "கர்த்தருக்குள் நித்திரை" என்றும் இருக்கும். இப்போது வருகிற பளபளப்பான கறுப்புக் கிரானைட்டில் "மறைவு" என்று போடுகிறார்கள். மேலே லேசரில் பொறித்த முகம், மொபைல் போட்டோவிலிருந்து எடுத்தது. முகத்தைப் பார்க்க வேண்டும் என்கிற ஆசையை நான் குறை சொல்லமாட்டேன், அது பாசம். ஆனால் கிரானைட்டில் சுண்ணாம்பு நிற்காது. நவம்பர் முதல் தேதி பிள்ளைகளுக்கு அங்கே வேலை இல்லாமல் போய்விட்டது. ஈரத்துணியால் ஒரு துடைப்பு, முடிந்தது.

அம்மா இறந்து நாற்பதாம் நாள் ஆன பிறகு கல் சொல்லப் போனேன். கம்ப்யூட்டரில் உருவங்கள் காட்டினார்கள்: கூப்பிய கை, ரோஜா, இயேசுவின் முகம், திறந்த புத்தகம். திராட்சை இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது. கோலிக்குண்டு அடுக்கின மாதிரி. நான் ஒன்றும் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன்.

அந்தக் கொத்தனார் இல்லை. அவர் பேரன் வீடு கட்டுகிற வேலை செய்கிறார், சுதை வேலை பழகவில்லை. "உருவம் எல்லாம் எனக்கு வராதுண்ணே" என்றார். பிறகு கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "பந்தல்ல இருந்து நல்ல எல ஒண்ணு கொண்டாங்க, நரம்பு பெருசா" என்றார். அடிப்பக்கம் பார்த்து முற்றின இலையாக நாலு பறித்துப் போனேன். கலவை பாதி இறுகினபோது தலைப்பக்கத்தில் இலையைக் குப்புற வைத்து, கரணையின் அடியால் ஓரத்திலிருந்து நடுவுக்கு மெல்ல அழுத்தினார். இரண்டு பிசகிப்போயின. மூன்றாவது பதிந்தது. உடனே உரிக்க வேண்டாம், தானாகக் காய்ந்து வரட்டும் என்றார். அதற்குக் கீழே போடுவதற்காக நான் பலகையில் வரைந்து வைத்திருந்த வளைவைப் பார்த்து, "இது என்னண்ணே, நங்கூரமா?" என்று கேட்டார். பாதாளக்கரண்டி என்றேன். அவருக்கு அந்தச் சொல் தெரியவில்லை. எங்கள் பக்கம் எல்லாம் போர்வெல் ஆகிவிட்டது. விளக்கிச் சொன்னேன். கரணையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார், பிறகு எடுத்து ஆணி நுனியால் கொக்கிகளைக் கொஞ்சம் ஆழமாகவே கீறினார்.

ஏழு நாள் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றச் சொல்லியிருந்தார். வீட்டிலிருந்து அம்மாவின் செப்புக் குடத்தை எடுத்துக்கொண்டு போனேன், அடுத்த தோட்டத்து வாய்க்காலில் முகந்து. மூன்றாம் நாள் இலை சுருண்டு கழன்றிருந்தது. நரம்பு ஒவ்வொன்றும் சிமென்டில் இருந்தது, ஓரத்துப் பல்லும், ஒரு பக்கம் புழு தின்ற ஓட்டையும். இலை பறித்த தோட்டத்தில் அதற்கு முந்தின நாள்தான் மருந்தடித்திருந்தார்கள். இலை கிடந்த இடத்தில் லேசாக நீலம் பிடித்திருந்தது. குடத்தைச் சாய்த்தேன். தண்ணீர் நடு நரம்பு வழியாக இறங்கிக் கொக்கிகளில் போய் நின்றது.